மாலை போட்டால் மட்டும் வயிறு நன்றாக இருக்கிறதா?

"மாலை போட்டா 41 நாளும் வயிறு கம்முனு இருக்கு மேடம். கழட்டினா ரெண்டே நாள்ல மறுபடி ஆரம்பிச்சுடுது."

உணவு ஆலோசனைக்கு என்னிடம் வந்தவர் உட்கார்ந்ததும் சொன்னது இது. நாற்பதைத் தாண்டியவர். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிவிடும்; வாரத்தில் இரண்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. மட்டன்தான் காரணம் என்று அவரே தீர்ப்பு எழுதி, ஒரு வருடமாக அதைத் தொடவில்லை. வயிறோ பழையபடியே இருந்தது.

விரதத்தில் வேறு என்னென்ன மாறும் என்று கேட்டேன். "கறி, மீன், முட்டை, அவ்வளவுதான்" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி விடவில்லை. "வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டோமே? கேன்டீன் சாப்பாடு, பரோட்டா எதுவும் கிடையாது. அப்புறம், அதுவும் கிடையாது." அந்த "அது" வந்ததும் அவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உணவு ஒத்துக்கொள்ளாமைக்கு நாங்கள் சொல்லும் விலக்கு உணவுமுறையின் முதல் பாதியை இவர் வருடாவருடம் ஒழுங்காகச் செய்துவந்திருக்கிறார். சந்தேகப்படும் உணவை 2 முதல் 6 வாரம் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பாதி. இரண்டாவது பாதி, நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்ப்பது. மாலையைக் கழற்றிய அன்றே பிரியாணி, வெங்காயப் பச்சடி, இரவு பரோட்டா என்று எல்லாம் ஒரே பந்தியில் இறங்கினால் குற்றவாளி யாரென்று வயிறு எப்படிச் சொல்லும்?

என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இரண்டாவது பாதிக்குப் போவதே இல்லை. நிறுத்தியதில் கொஞ்சம் சுகம் தெரிந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். பட்டியல் மட்டும் நீள்கிறது: பால், கோதுமை, பருப்பு, கத்தரிக்காய். சிலர் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு வருவார்கள், அதில் பாதிச் சமையலறை சிவப்பில் இருக்கும். அந்த எதிர்ப்பொருள் நாம் ஓர் உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் காட்டுகிறது. ஒத்துக்கொள்ளாமையைக் கண்டுபிடிக்க அதை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கங்களே சொல்லியிருக்கின்றன.

சரி, இவர் கதைக்கு வருவோம். ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதி வரச் சொன்னேன். இட்லி, சாம்பார், தயிர் சாதம் எல்லாம் இருந்தன, காபி மட்டும் இல்லை. கேட்டால், "காபியையும் எழுதணுமா?" ஒரு நாளைக்கு நாலு டம்ளர்! நம் ஊரில் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க முடியாதவர்கள் வட இந்தியாவைவிடத் தெற்கில் அதிகம் என்பதால் பாலையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தேன்.

நாலு வாரம் வெங்காயம், பூண்டு, பால், 'அது' நாலும் நிறுத்தம். மோர், பருப்பு, கோதுமை எதையும் நிறுத்தவில்லை. இரண்டாவது வாரத்திலேயே உப்புசம் குறைந்தது. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே விட்டோம். ஓர் உணவுக்கு மூன்று நாள், அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அடுத்ததற்குப் போகுமுன் மூன்று நாள் இடைவெளி.

முதலில் மட்டன். வெங்காயம் இல்லாமல் மிளகு போட்டு வறுத்தது. மூன்று நாளும் ஒன்றும் ஆகவில்லை, பாவம் மட்டன். பால் அரை டம்ளருக்குச் சும்மா இருந்தது, இரண்டு டம்ளர் ஆனதும் இரைச்சல். சின்ன வெங்காயம் மூன்று வரை பரவாயில்லை. மூன்றாம் நாள் பத்து போட்ட சாம்பார், மதியமே பெல்ட்டைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

இடையில் ஒரு சோதனை தப்பாகப் போனது. வெங்காயம் நிறுத்தியிருந்த வாரத்தில் மனைவி குழம்பில் முழு வெங்காயத்தைப் போட்டு, பரிமாறும்போது பொறுக்கி எடுத்துவிட்டார். அன்றும் உப்புசம். வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஃபிரக்டான் என்ற ஒருவகைக் கார்போஹைட்ரேட் தண்ணீரில் கரையும், குழம்பிலேயே தங்கிவிடும். அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லாததால் பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு இரையாகி வாயுவாகிறது. ஆனால் எண்ணெயில் கரையாது. அதனால் நல்லெண்ணெயில் பூண்டை வதக்கி, வாசனை இறங்கியதும் தண்ணீர் சேர்க்குமுன் எடுத்துவிடச் சொன்னேன். பூண்டு மணம் இல்லாத ரசத்தைக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர் அதன்பின் வழிக்கு வந்தார்.

இதையெல்லாம் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் முதலில் அதற்கான பரிசோதனை. கோதுமைமீது சந்தேகம் என்றால் சீலியாக் (கோதுமையின் குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தவே கூடாது, நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். நோய் உறுதியானவர்கள் கோதுமை ரவை, சேமியாவை விடுவதோடு பெருங்காய டப்பாவையும் திருப்பிப் படிக்க வேண்டும், பலவற்றில் மைதா கலந்திருக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பக்கத்து வீட்டு யோசனையில் எதையும் நிறுத்தாதீர்கள்.

இறால், நண்டு, வேர்க்கடலை சாப்பிட்டதும் உதடு வீங்குவது, தடிப்பு, மூச்சிரைப்பு வருவதெல்லாம் வேறு விஷயம். அது அலர்ஜி. 'கொஞ்சம் சாப்பிட்டுப் பார்ப்போம்' என்று வீட்டில் சோதிக்கவே கூடாது.

அவர் இந்த வருடமும் மாலை போட்டார். கழற்றிய மறுநாள் போனில் குரல் பதிவு: "மேடம், மட்டன் சுக்கா மட்டும்தான் சாப்பிட்டேன். பிரியாணி அடுத்த வாரம், அரைத் தட்டு. அந்த இன்னொன்னை எப்பச் சோதிக்கலாம்?" பின்னாலிருந்து மனைவியின் குரல், என்ன சொன்னார் என்று தெளிவாகக் கேட்கவில்லை.