குழி தோண்டிய நாளும் நமக்குத் தெரிந்த நாளும்

நாங்கள் கண்காணிக்கும் ஒரு தொல்லியல் மேட்டின் தென்சரிவில் திருடர்கள் தோண்டிய குழியைப் பார்த்ததும் என் கண் முதலில் போனது பக்கத்தில் குவிந்திருந்த மண்ணுக்குத்தான். மண் குவியலின் மேல் புல் முளைத்து, காய்ந்தும் போயிருந்தது. குழியின் விளிம்பு மழையில் கரைந்து வழவழப்பாக இருந்தது. அடியில் வண்டல் படிந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அது அப்படியே திறந்து கிடந்திருக்கிறது. எங்கள் பதிவேட்டிலோ அந்த இடத்துக்கு எதிரே "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதியிருந்தது.

அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் விசாரித்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனை பேர் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், எத்தனை இரவு டார்ச் வெளிச்சம் தெரிந்தது என்று வரிசையாகச் சொன்னார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலையே சார்" என்றார். பல வருடங்களாக அந்த இடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். ஒரு தடவைகூட அவரிடம் ஒரு போன் நம்பர் கொடுத்ததில்லை.

ஒதுக்குப்புறமாகக் கிடக்கும் தொல்லியல் இடங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே வேலி போடுங்கள், காவலாளி போடுங்கள் என்றுதான் தொடங்கும். வேலி தேவைதான். ஆனால் ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் முள்கம்பியை வெட்டிவிட்டு உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? என் அனுபவத்தில், திருடனுக்கு உண்மையாகக் கைகொடுப்பது அவன் தோண்டிய நாளுக்கும் அது நமக்குத் தெரியவரும் நாளுக்கும் நடுவே கிடக்கும் காலம். அந்தக் காலத்தில்தான் பொருள் எல்லை தாண்டுகிறது, உடைந்தது ஒட்டப்படுகிறது, தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் இருந்தது என்று ஒரு பொய்க் காகிதமும் தயாராகிறது. இங்கே குழியைச் சுற்றியிருந்த கால்தடமும் டயர் தடமும் மழையில் அழிந்துவிடுகின்றன. அதனால் எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றி யார் சொன்னாலும் நான் இப்போது கேட்பது, இது அந்த இடைவெளியைக் குறைக்குமா என்பதைத்தான்.

பொருள் திரும்பக் கிடைத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தென்சரிவுக் குழியின் சுவரைச் சிறு கரண்டியால் மெல்லச் சீவிப் பார்த்தேன். மேலே இரண்டு சாணுக்குச் சாம்பல் நிற மண். அதன் கீழே விரல் கனத்தில் ஒரு கரிக்கோடு. அதற்கும் கீழே தட்டி இறுக்கிய களிமண் தரை. ஒரு வீடு எரிந்திருக்கிறது, பிற்பாடு அதன் மேல் மண் மூடி வேறு யாரோ புழங்கியிருக்கிறார்கள். கரிக்கோடு குழியின் நாலு சுவரிலும் ஓடியது. நடுவில், ஒரு ஆள் நின்று தோண்டும் அகலத்துக்கு, அது இல்லை. அங்கே அடுப்பு இருந்ததா, தானியப் பானை இருந்ததா, தப்பிக்க முடியாமல் போன ஒரு மனிதர் இருந்தாரா, இனி எவராலும் சொல்ல முடியாது. திருடனுக்கு வேண்டாத பானை ஓடுகளும் எலும்புத் துண்டுகளும் குவியலில் கலந்து கிடந்தன. அவற்றை எந்த மண்ணடுக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

பெரிய அளவில் இதற்கு உதாரணம் ஜெர்மனியின் நெப்ரா வான்தட்டு. 1999ல் மெட்டல் டிடெக்டருடன் திரிந்த இரண்டு பேர் அதை ஒரு குன்றின் மேல் தோண்டி எடுத்தார்கள். சுமார் 32 செ.மீ. விட்டமுள்ள வெண்கலத் தட்டு, அதன் மேல் தங்கத் தகட்டில் பிறையும் நட்சத்திரங்களும். தோண்டிய கருவி பட்டு விளிம்பே சேதமானது. கைமாறிக் கைமாறிப் போன தட்டை 2002ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீஸ் பொறிவைத்து மீட்டது. தோண்டியவர்கள் பிறகு இடத்தைக் காட்டினார்கள், தட்டில் ஒட்டியிருந்த மண்ணை அந்த இடத்து மண்ணோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும், அது வெண்கலக் காலத்தைச் சேர்ந்ததா இரும்புக் காலத்தைச் சேர்ந்ததா என்று 2020ல் ஆய்வாளர்களுக்குள் மீண்டும் வாதம் எழுந்தது. முறையான அகழாய்வில் மண்ணடுக்கோடு சேர்த்து எடுத்திருந்தால் அந்த வாதத்துக்குப் பெரிதாக இடம் இருந்திருக்காது.

சரி, இடைவெளியை எப்படிக் குறைப்பது? முதலில், அங்கே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருந்ததே தெரியாவிட்டால் காணாமல் போனது எப்படித் தெரியும்? தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலையை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008ல் வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அதற்கு முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம் சான்றாக நின்றது. 2014ல் சிலை திரும்பியது. கம்போடியாவின் கோ கெர் கோயிலில் படமே தேவைப்படாத அளவுக்கு ஒரு சான்று இருந்தது. சிலைகளைக் கணுக்காலோடு உடைத்து எடுத்துப் போனவர்கள் பாதங்களைப் பீடத்திலேயே விட்டுவிட்டார்கள். 2011ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த துரியோதனன் சிலைக்கு அந்தப் பாதங்கள் பொருந்தின. அதுவும் 2014ல்தான் நாடு திரும்பியது. திருட்டு நடந்ததோ 1970களில், உள்நாட்டுப் போர்க் காலத்தில். ஏறத்தாழ நாற்பது வருட இடைவெளி.

எல்லாத் திருடனும் பாதத்தை விட்டுப் போக மாட்டான். அதனால் தரைக்கு மேலே தெரியும் ஒவ்வொரு கல்லுக்கும் சிலைக்கும் ஒரு பதிவு வேண்டும். 1997ல் வெளியான ஆப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேச முறை இதற்காகவே வந்தது. அதில் பொருள், அளவு, எழுத்துகளோடு அதற்கே உரிய தனி அடையாளங்களையும் எழுதச் சொல்வார்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். உடைந்த மூக்கின் சாய்வு, கல்லில் ஓடும் ஒரு வெள்ளை நரம்பு, பின்புறத்து உளித்தடம். போலி செய்பவன் முன்புறத்தைப் பார்த்துத்தான் செய்வான், பின்புறத்தைப் படமெடுத்து வைத்திருப்பவருக்குத்தான் பிடி கிடைக்கும்.

மண்ணுக்குள் இருக்கும் பொருளுக்கு இந்த வழி கிடையாது. அதை யாரும் பார்த்ததே இல்லை, எந்தப் பட்டியலிலும் இருக்காது. சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1970ன் யுனெஸ்கோ உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்த 1995ன் யுனிட்ராய்ட் உடன்படிக்கை, அகழ்ந்த நாட்டின் சட்டத்துக்கு இசைவாக இருந்தால், சட்டவிரோதமாகத் தோண்டிய பொருளையும் திருட்டுப் பொருளாகவே கருதுகிறது. ஆனால் எங்கே தோண்டினார்கள் என்று காட்ட வேண்டுமே. அதற்குத் தரையின் படம் வேண்டும். நாங்கள் ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து புள்ளிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் நின்று அதே திசையைப் படமெடுக்கிறோம். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புதுக் குழி தானாகவே கண்ணில் படும்.

போகவே முடியாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் படம் பெரிய உதவி. சிரியாவின் அபாமியா நகரத்தை 2011லும் 2012லும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், வெறும் நிலமாக இருந்த பரப்பு அம்மைத் தழும்பு மாதிரி ஆயிரக்கணக்கான குழிகளாகியிருப்பது தெரியும். எகிப்தின் 2002 முதல் 2013 வரையிலான படங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னும் யோசிக்க வைப்பது. 2011ன் கிளர்ச்சிக்கு முன்பே, உலகப் பொருளாதார நெருக்கடியை ஒட்டி 2009லேயே கொள்ளை கூடத் தொடங்கியிருந்தது. எப்போது அதிகக் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு துப்பு.

கேமராவைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஒரு இடத்தில், அசைவு தெரிந்தால் தானே படமெடுக்கும் கேமராக்களை மரத்தில் கட்டினோம். அங்கே சிக்னல் கிடையாது, மெமரி கார்டைப் போய்த்தான் எடுத்து வர வேண்டும். எடுத்துப் பார்த்தபோது ஆயிரக்கணக்கில் காற்றில் ஆடும் புல். அவற்றின் நடுவே சில படங்களில் கடப்பாரையும் சாக்குமாக மூன்று பேர். முகம்கூடத் தெரிந்தது. ஆனால் படம் பதிவாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. செய்தி உடனே வந்து சேராத கேமராவை நான் இப்போது பரிந்துரைப்பதில்லை.

இடத்தை நாமே காட்டிக்கொடுப்பது தனிக் கதை. இங்கிலாந்தின் வான்பரோவில் 1980களில் மெட்டல் டிடெக்டர்காரர்கள் இரண்டு பேர் தங்களுக்குக் கிடைத்த பழைய நாணயங்களைப் பற்றி நேர்மையாகத் தகவல் கொடுத்தார்கள். விசாரணையின்போது இடத்தின் பெயர் வெளியே வந்துவிட்டது. அப்புறம் இரவோடு இரவாகக் கூட்டம் கூட்டமாக வந்து தோண்டினார்கள். ஆயிரக்கணக்கான நாணயங்கள் போயின. அந்தக் கொள்ளைதான் அங்கே 1996ல் புதையல் சட்டம் வருவதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்று அந்த வேலையை ஒரு செல்போன் படம் செய்துவிடும். போனில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் புள்ளி உட்கார்ந்திருக்கும். ஒதுக்குப்புற இடத்தின் படத்தைப் பகிர்வதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். "கோடிக்கணக்கில் மதிப்பு" என்று எழுதாதீர்கள் என்று செய்தியாளர்களிடம் நான் கெஞ்சாத குறையாகக் கேட்பதுண்டு. அப்படி ஒரு தலைப்பு வந்தால் அந்த வாரமே மண்வெட்டி வந்துவிடும்.

அகழாய்வு முடிந்து குழு கிளம்பும் நாள்தான் ஆக ஆபத்தான நாள். ஆய்வுக்குழிகள் எங்கே என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும், காவலும் குறைந்திருக்கும். குழியைத் துணி விரித்து மண் போட்டு முழுதாக மூடிவிட்டுத்தான் போக வேண்டும். டிடெக்டரைக் குழப்ப இரும்புத் துண்டுகளை மண்ணில் தூவிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு வரும் ஆய்வாளரின் கருவியையும் அது சேர்த்தே குழப்பும்.

கடைசியில் எல்லாம் பக்கத்தில் வாழும் மனிதர்களிடம்தான் வந்து நிற்கிறது. பெரு நாட்டின் சிபானில் 1987ல் கொள்ளையர்கள் ஒரு கல்லறையை உடைத்த பிறகு, தொல்லியலாளர் வால்டர் ஆல்வா அங்கே வேலையைத் தொடங்கினார். போலீஸ் நடவடிக்கையில் கொள்ளையர்களில் ஒருவர் இறந்திருந்ததால் ஊரே ஆல்வா மேல் கோபமாக இருந்தது. ஆயுதக் காவலோடுதான் தோண்ட வேண்டியிருந்தது. அப்படியும் அவர் அங்கேயே தங்கினார். 'சிபான் தலைவன்' என்று அழைக்கப்படும் பண்டைய ஆட்சியாளரின், திருடன் கைபடாத கல்லறை கிடைத்தது. அந்தப் பொருள்கள் தலைநகரோடு தங்கிவிடாமல், 2002ல் அதே வட்டாரத்தில் அவற்றுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் எழுந்தது. தோண்டி விற்பதைவிடப் பாதுகாப்பதில் ஊருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். அது இல்லாமல் காவல் காக்கச் சொல்வது நியாயமில்லை.

நீங்கள் நடைபயணம் போகும் இடத்தில் இப்படி ஒரு குழியைப் பார்த்தால் உள்ளே இறங்காதீர்கள், மூடவும் வேண்டாம். விளிம்பு கூர்மையாக, மண் ஈரமாக, வேர்கள் வெட்டுப்பட்டு வெள்ளையாக இருந்தால் அது புதுக் குழி. சிகரெட் துண்டு, தண்ணீர் பாட்டில் எதையும் தொட வேண்டாம், அவை சாட்சி. சற்றுத் தள்ளி நின்று, அளவு தெரிய ஒரு பேனாவை வைத்துப் படமெடுங்கள். தொல்லியல் துறைக்கும் போலீசுக்கும் அன்றே சொல்லுங்கள். தோண்டிக்கொண்டிருப்பவர்களே எதிரில் இருந்தால் பேச்சுக் கொடுக்காமல் விலகி வந்துவிடுங்கள். சந்தையிலோ இணையத்திலோ ஒரு பொருள் மேல் சந்தேகம் வந்தால், இன்டர்போல் 2021ல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் செயலியில் திருட்டுப்போன பொருள்களின் பட்டியலைத் தேடிப் பார்க்கலாம்.

அந்தப் பெரியவரிடம் பெரிய எழுத்தில் நம்பர் எழுதிக் கொடுத்தோம். இரவு எந்த நேரமானாலும் கூப்பிடலாம், அவர் பெயர் வெளியே வராது என்று சொன்னோம். அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு இரவு பத்து மணிக்கு மேல் போன் வந்தது. சிக்னலுக்காக மேட்டுக்கு எதிர்ப்பக்கம் ஏறி நின்று பேசியதால் மூச்சு வாங்கியது. நாங்கள் பக்கத்துக் காவல் நிலையத்துக்குச் சொன்னோம், ஜீப் வெளிச்சத்தைப் பார்த்ததும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பழைய குழிக்குப் பத்தடி தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குப் புதுக் குழி. ஒரு மண்வெட்டி அப்படியே கிடந்தது. கரிக்கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.