தௌலத்து: அரண்மனையிலிருந்து காசிமேட்டுக்கு

காசிமேட்டில் புதுச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் பைக்கை விட்டு இறங்கினால், மீன் விற்கிற அம்மா பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்வார்: "இன்னா தௌலத்தா வர்றாரு பாரு!" பாதி கேலி, பாதி வியப்பு. வடசென்னையில் தௌலத்து என்றால் மிடுக்கு, பகட்டு, 'நான் யார் தெரியுமா' என்கிற நடை.

ராயபுரத்து நண்பர் ஒருவர் ஆற்காட்டு நவாபு குடும்பத்தின் வீழ்ச்சியைச் சரித்திர நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறார். 1855இல் நடக்கும் ஓர் அத்தியாயத்தில், சேப்பாக்கம் அரண்மனைக் காவலாளி "தௌலத்து போச்சு" என்கிறான். கைப்பிரதியைப் படித்த ஒருவர், அரண்மனை வாசலில் மெட்ராஸ் பாஷையா என்று சிரித்தாராம். இன்னொருவர், நல்ல தமிழில் 'அரசு' என்று போடுங்கள் என்றாராம். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

சொல் அரபு. வேரின் பொருள் சுழல்வது, கைமாறுவது. இன்று உனக்கு, நாளை எனக்கு என்கிற முறை. 750இல் உமையா கலீபாக்களைக் கவிழ்த்து அப்பாசிய கலீபாக்கள் ஆட்சிக்கு வந்தபோது, தங்கள் முறை வந்ததை 'தௌலா' என்றார்கள். வந்தவர்கள் நகர மனமில்லாமல் உட்கார்ந்துவிட, முறை என்ற பொருள் மங்கி, அரசமரபு, அரசு என்ற பொருள் நிலைத்தது. இன்றைய அரபியிலும் தௌலா என்றால் நாடுதான். பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்த 'தௌலத்' செல்வத்தைக் குறிக்கிறது. அப்புறம் நம் ஊர். செல்வம் போய், செல்வம் இருப்பதுபோல் நடப்பது மட்டும் தௌலத்து ஆனது. சென்னைத் தெரு பெரிய இடத்துச் சொற்களை இப்படித்தான் இறக்கி வைக்கும். அதிகாரம் பண்ணுகிறவனை 'தர்பார் பண்றான்' என்கிறோம். வேலை செய்யாதவனை 'பெரிய நவாபு' என்கிறோம்.

இனி நண்பரின் கதைக்கு வருவோம். நவாபு உம்தத் உல் உமரா 1801 ஜூலையில் இறந்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாபு குடும்பம் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றம் சாட்டியிருந்தது. மகன் அலி உசேன் கம்பெனியின் நிபந்தனைகளுக்கு உடன்படவில்லை. சரி, அவர் வேண்டாம் என்று உறவினர் ஒருவரை மஸ்னதில், அதாவது நவாபின் அரியணையில், உட்கார வைத்தார்கள். அவர் அதே ஜூலை 31ஆம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆற்காட்டுச் சீமையின் ஆட்சியை முழுதாகக் கொடுத்துவிட்டு, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டார். அவர் பெயர் அசீம் உத் தௌலா. தௌலாவைப் பெயரில் வைத்துக்கொண்டு, கையிலிருந்ததைக் கொடுத்தவர்! நாவலாசிரியன் கற்பனையாக இப்படி ஒரு பெயர் வைத்தால் மிகை என்பார்கள்.

ஆட்சி போனது, பணமும் பட்டமும் ஆடம்பரமும் இன்னும் 54 ஆண்டு ஓடின. 1855 அக்டோபரில் குலாம் கௌஸ் கான் பிள்ளையில்லாமல் இறந்ததும் நவாபு பட்டத்தையே கம்பெனி ஒழித்தது. அரண்மனையும் கைமாறியது. அடுத்த ஜூலையில் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில், அந்தக் குடும்பத்தின் பட்டப்பெயரைச் சுமக்கும் வாலாஜா வரை போனது. நண்பர் கடைசி அத்தியாயத்துக்கு வைத்திருக்கும் காட்சி இது. நான் போட்டு உடைத்துவிட்டேன்.

ஆட்சி, செல்வம், பகட்டு என்று சொல் இறங்கிய அதே படிகளில் அந்தக் குடும்பமும் இறங்கியிருக்கிறது. பொருள் மாற்றத்துக்கு நவாபுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. செல்வம் என்ற பொருள் பாரசீகத்திலேயே உண்டு. பொருத்தம் மட்டும் விடாமல் இழுக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. அரசு, அரசமரபு, செல்வம் மூன்றும் தகராறு இல்லாதவை. தெருப்பொருளுக்குப் பாராட்டானால் மிடுக்கு, கேலியானால் பகட்டு. 'ஏக்கழுத்தம்' என்றொரு பழஞ்சொல் உண்டு: தலையெடுப்பு, இறுமாப்பு. தூக்கிய கழுத்து கண்ணில் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் காசிமேட்டில் சொன்னால் மீன் பெயர் என்று நினைப்பார்கள்.

வேர்ப்பொருளான சுழற்சிக்கும் நம்மிடம் இணை இருக்கிறது. "அகடுற யார்மாட்டும் நில்லாது செல்வம் சகடக்கால் போல வரும்" என்கிறது நாலடியார். செல்வத்தை உருளும் வண்டிச் சக்கரமாகப் பார்த்த தமிழும், அதைக் கைமாறும் முறையாகப் பார்த்த அரபியும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

நண்பருக்கு நான் சொன்னது: காவலாளி வாயில் தௌலத்தே இருக்கட்டும். உருது பேசும் அரண்மனைக்காரனுக்கு அது செல்வம். காசிமேட்டு வாசகருக்கு மிடுக்கு. இரண்டும் அன்று போனவைதான். 'அரசு' என்று மாற்றினால்தான் பிழை. அது 1801லேயே போய்விட்டது.