முடிச்சு விழவில்லையா? பொட்டலத்தைத் திட்டும் முன்...

"ரைசோபியம் போட்டோம், வேரில் முடிச்சே இல்லை, பொட்டலம் போலி." விதையில் கலக்கும் வேர்முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியத்தைப் பற்றி இந்தப் பருவத்திலும் அதே புகார். கொண்டுவரும் உளுந்துச் செடியோ கரும்பச்சையாகத் தளதளக்கிறது. ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா!

இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலம் என்ற நினைப்பைத் தயவுசெய்து விடுங்கள். ரைசோபியம் தருமத்துக்கு உழைப்பதில்லை. காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது, செடி அதற்குச் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது. அதே நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, யூரியாவாகக் காலடியில் கொட்டிக் கிடந்தால் கூலி கொடுக்கச் செடிக்கென்ன தலையெழுத்தா? புது முடிச்சு வைக்காது, வைத்ததையும் பட்டினி போடும்.

வேலை செய்யாத கூட்டாளியைச் செடி தண்டிக்கவும் செய்யும். 2003இல் உயிரியலாளர் டோபி கியர்ஸ் குழுவினர் சோயா முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். நைட்ரஜன் வராத முடிச்சுக்குச் செடி ஆக்சிஜனைக் குறைத்தது. உள்ளே பாக்டீரியாவின் பெருக்கமும் குறைந்தது. ஏய்க்கிற ரைசோபிய ரகங்களை இந்தக் கண்டிப்புதான் தலைமுறை தலைமுறையாக அடக்கி வைப்பதாகக் கருதப்படுகிறது. உரம் அதையும் குலைக்கக்கூடும்: அமெரிக்காவின் மிச்சிகனில் 22 ஆண்டுகள் நைட்ரஜன் உரமிட்ட மண்ணின் ரைசோபியங்கள் குளோவர் என்னும் தீவனச் செடிகளுக்கு, உரமிடாத மண்ணின் ரைசோபியங்கள் அளவுக்கு உதவவில்லை என 2015இல் ஓர் ஆய்வு காட்டியது.

உளுந்துக்குத் தழைச்சத்து அடியுரமாக மட்டும்: ஹெக்டேருக்கு மானாவாரியில் 12.5 கிலோ, இறவையில் 25 கிலோ. முடிச்சு வேலை தொடங்கும்வரை அது தாங்கும். இறவைக்கான 50 கிலோ மணிச்சத்தை (பாஸ்பரஸ்) டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரமாகப் போட்டாலே ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து கூடவே வந்துவிடும் (இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை).

10 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியம், ஆறிய அரிசிக் கஞ்சியில். சூட்டோடு ஊற்றி வேகவைத்துவிடாதீர்கள். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். கொண்டைக்கடலைக்கான பொட்டலம் உளுந்துக்கு ஆகாது. கடை வாசலில் வெயில் காய்ந்த பொட்டலமும் வேண்டாம்.

30, 35ஆம் நாளில் சோதியுங்கள். செடியைப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணோடு தோண்டி, நீரில் அலசுங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளை, பச்சை என்றால் எத்தனை முடிச்சு இருந்தும் பயனில்லை. விரலால் தள்ளினால் உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது ரைசோபியம் இல்லை, நூற்புழு. அதற்கு வைத்தியம் வேறு.