பேய்க்கு லென்ஸ் மாட்டும் முன்னால்

ஆழியாறு, சேத்துமடை, ஆனைமலை என்று பொள்ளாச்சியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் பேய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பெரிய சினிமா யூனிட்டை விடுங்கள். கோவைக் கல்லூரிகளின் விஸ்காம் மாணவர்கள் எடுக்கும் குறும்படம், யூடியூப் தொடர், பொருட்காட்சியில் போடும் பேய் வீடு எல்லாவற்றுக்கும் பேயாக நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இரண்டு நாள் கழித்து ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வெளிச்சத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் கண் மருத்துவர்களான எங்களிடம் வருகிறார். இந்த வாரமும் ஒரு தம்பி வந்தார். கருவிழிக்கு நடுவில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளையாகப் புண். ராத்திரி முழுக்க வெள்ளை லென்ஸோடு நடித்துவிட்டு, விடியும்போது அதைக் கழற்றாமலே வேனில் படுத்துத் தூங்கியிருக்கிறார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

"பவர் இல்லாத லென்ஸ்தானுங்க டாக்டர், சும்மா கலருக்குப் போட்டது." வருகிற எல்லாரும் சொல்வது இதைத்தான். நடிகர் சொல்கிறார், மேக்கப் மேன் சொல்கிறார், கூட வந்த அசிஸ்டென்ட் டைரக்டரும் சொல்கிறார். தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். பவர் என்பது பார்வைக்கான எண். அது பூஜ்யமாக இருந்தால் எழுத்து பெரிதாகவோ சிறிதாகவோ தெரியாது, அவ்வளவுதான். லென்ஸ் உங்கள் கருவிழி மேல் உட்காருகிறதா இல்லையா? உட்காருகிறது. காற்றை மறைக்கிறதா? மறைக்கிறது. விரலில் இருந்த கிருமியைக் கண்ணுக்குள் கொண்டு போகிறதா? போகிறது. பவர் மைனஸ் ஆறு என்றாலும் சரி, பூஜ்யம் என்றாலும் சரி, கண்ணுக்கு நேர்வது ஒன்றுதான். சொல்லப்போனால் பவர் லென்ஸ் போடுகிறவர் கண்ணை அளந்து, மாட்டவும் கழற்றவும் பழகிய பிறகுதான் வாங்குகிறார். பேய் வேஷக்காரருக்கு ஷாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் முதன்முறையாக லென்ஸைக் கையில் கொடுக்கிறார்கள். ஆபத்து யாருக்கு அதிகம்? அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டிலிருந்து, பவர் இல்லாத அலங்கார லென்ஸும் மருத்துவச் சாதனம்தான், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே ஆன்லைனில் ஆர்டர் போட்டால் கவரில் வந்துவிடுகிறது.

அந்தக் கவரில் வருவது எல்லாருக்கும் ஒரே அளவு. பெட்டியில் 8.6 என்று போட்டிருப்பது லென்ஸின் உள்வளைவு. உங்கள் கருவிழியின் வளைவு கட்டாயம் அதற்குத் தோதாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. கெரட்டோமீட்டரில் அளந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சரியாகப் பொருந்திய லென்ஸ், கண் சிமிட்டும்போது கால் முதல் அரை மில்லிமீட்டர் நகர வேண்டும். நகராமல் கவ்விக்கொண்டால் அடியில் கண்ணீர் தேங்கி நிற்கும். கழற்றிய பிறகு வெள்ளை விழியில் வட்டமாகச் சிவந்த தடம் விழுந்திருந்தால் லென்ஸ் இறுக்கம் என்று அர்த்தம். மறுபடி அதைப் போடக் கூடாது.

சாதாரணக் கலர் லென்ஸின் விட்டம் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் இருக்கும். கண் முழுவதும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரிய வைக்கும் ஸ்க்ளீரா லென்ஸ் 22 மில்லிமீட்டர் வரை போகும். அது கருவிழியைத் தாண்டி வெள்ளை விழியையும் மூடிவிடும். இதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதே நான் சொல்லும் கணக்கு. கழற்றியபின் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, சிவப்பு இருந்தால் அன்றைக்கு மறுபடி போடாமல் விடுங்கள். மலிவான லென்ஸ்களில் சாயம் மேற்பரப்பிலேயே பூசப்பட்டிருக்கும். லென்ஸ் கழுவும் சொல்யூஷனில் நனைத்த பஞ்சால் லென்ஸின் இரண்டு பக்கமும் மெல்லத் தடவிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால், அதே சாயம் கருவிழியிலும் இமைக்கு உள்பக்கமும் உரசும். அந்த ஜோடியைக் குப்பையில் போடுங்கள்.

இதில் இயக்குநர்களுக்கு ஒரு வார்த்தை. பேய் கண் சிமிட்டக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே ஷாட் எடுக்கிறீர்கள். சிமிட்டாமல் இருந்தால் சில நொடியிலேயே லென்ஸ் மேல் கண்ணீர்ப் படலம் உடையத் தொடங்குகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று சும்மா நிற்கிறவர் கண்ணையே வறள வைக்கும். அதற்கு மேல் ஃபேனைத் திருப்பி முடியைப் பறக்க விட்டு, சாம்பிராணிப் புகையும் போட்டால் அந்தக் கண் என்ன ஆகும்? டேக்கை ஐந்தைந்து நொடியாகப் பிரித்து எடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் பிரிசர்வேட்டிவ் இல்லாத, லென்ஸ் மேல் விடலாம் என்று எழுதியிருக்கும் சொட்டு மருந்தை விடுங்கள். பன்னீர் வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். லென்ஸ் போட்டிருக்கும்போது அழுகைக்காக மென்தால் குச்சியைக் கண் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். "சிறுவாணித் தண்ணியிலதானுங்க கழுவினேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சிறுவாணி குடிக்க அருமையான தண்ணீர். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் குழாயில் வரும் எந்தத் தண்ணீரிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். குடித்தால் வயிற்றை ஒன்றும் செய்யாது. லென்ஸில் ஒட்டிக் கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் வைத்தியம், அந்தக் கண்ணின் வலியைச் சொல்லி மாளாது. போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், எதுவும் லென்ஸைத் தொடக் கூடாது. எச்சிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே வருத்தம். கிணற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ பேய் தலை தூக்கி எழும் ஷாட் இல்லாத பேய்ப் படம் அபூர்வம். அந்த ஷாட்டுக்கு லென்ஸ் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணை கிராஃபிக்ஸில் வெள்ளையாக்கட்டும்.

சுத்தம் செய்ய மல்டிபர்ப்பஸ் சொல்யூஷன் மட்டும்தான். லென்ஸை உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு பக்கமும் இருபது நொடி விரலால் தேய்த்து, அதே சொல்யூஷனால் அலசி, டப்பாவில் புது சொல்யூஷன் ஊற்றி ஆறு மணி நேரமாவது ஊற விட வேண்டும். நேற்று ஊற்றியதோடு கொஞ்சம் சேர்த்து ரொப்புவது கூடவே கூடாது. சலைன் கிருமியைக் கொல்லாது, அது அலசத்தான். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சந்தேகமாக இருந்தால் காலி டப்பாவின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்பட்டால் அது கிருமிகள் கூடிக் கட்டியது. எவ்வளவு சொல்யூஷன் ஊற்றினாலும் அதற்குள் இருப்பது சாகாது.

ஒரே ஜோடியை மெயின் பேய்க்கும் டூப்புக்கும் மாற்றி மாற்றிப் போடுவது, பொருட்காட்சிப் பேய் வீட்டில் சாயங்கால ஷிப்டுக்காரர் கழற்றியதை ராத்திரிக்காரர் மாட்டுவது, இதெல்லாம் நடக்கிறது. மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் ஒருவர் போதும், மொத்த யூனிட்டுக்கும் வந்துவிடும். ஆளுக்கொரு ஜோடி, பேர் எழுதின டப்பா. இதில் சமரசமே கிடையாது.

யார் மாட்டுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மேக்கப்புக்கு முன்னாலேயே லென்ஸ் போட வேண்டும் என்பது சாதாரண லென்ஸுக்கு நாங்கள் சொல்லும் விதி. மூன்று மணி நேரம் மேக்கப் போடும் பேய்க்கு அது ஒத்து வராது, மேக்கப் நாற்காலியிலேயே லென்ஸின் நேரம் தீர்ந்துவிடும். அதனால் கடைசியில், ஷாட் ரெடி என்ற பிறகு மாட்டுங்கள். ஆனால் ரத்தமும் பவுடரும் பட்ட கையால் மாட்டக் கூடாது. நகம் ஒட்ட வெட்டின, வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவர் சோப்பு போட்டுக் கை கழுவி, பஞ்சு உதிராத தாளால் ஈரத்தை முழுக்கத் துடைத்துவிட்டுத் தொட வேண்டும். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு மேக்கப். ஸ்ப்ரே அடிக்கும்போது கண் மூடியிருக்கட்டும். திரவ லேட்டக்ஸில் அம்மோனியா இருக்கும், இமை ஓரத்துக்கு அது ஆகாது. காயத்தை ஒட்ட சூப்பர் க்ளூ என்ற யோசனை யாருக்காவது வந்தால் பாட்டிலைப் பிடுங்கி வையுங்கள்.

முழு வெள்ளை லென்ஸ் போட்டவருக்கு எதிரில் இருப்பது தெரியாது. சல்லடை போல் துளை உள்ள லென்ஸிலும் இரவு வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரியும். கொங்கு நாட்டுத் தோப்புகளில் பாறையை வெட்டி இறக்கிய கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே இருக்காது. அந்தத் தோப்பில், ராத்திரியில், பார்வை இல்லாத ஒருவரை ஓடி வரச் சொல்வதா? லென்ஸ் குளோசப்புக்கு மட்டும். தூர ஷாட்டிலும், ஓடும் ஷாட்டிலும், ரோப் கட்டித் தூக்கும் ஷாட்டிலும் வெறும் கண்தான். லென்ஸோடு நாலு அடி நடக்க வேண்டுமானாலும் கையைப் பிடித்து அழைத்துப் போக ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ரத்தத்தைப் பற்றி. சர்க்கரைப் பாகும் உணவு நிறமும் கலந்தது கண்ணில் பட்டால் எரியும், பிசுபிசுக்கும், சலைனில் போய்விடும். துணியிலிருந்து சுலபமாகப் போகட்டும் என்று பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலக்கிறார்களே, அது கருவிழியின் மேல்தோலை உரிக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், ஆரத்தித் தண்ணீரை ரத்தமாக ஊற்றுவது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் நல்ல சிவப்பு வருகிறது, செலவும் இல்லை, வாஸ்தவம்தான். சுண்ணாம்பு காரம். கண்ணுக்குள் போனால் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகும். கருவிழி வெளுத்துப் போன பிறகு எங்களாலும் பழையபடி ஆக்க முடியாது. முகத்தில் ஊற்றும் எதிலும் சுண்ணாம்பு வேண்டாமுங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒருவேளை பட்டுவிட்டால் ஒரு நொடியும் யோசிக்காதீர்கள். லென்ஸில் தண்ணீர் படக் கூடாது என்று மேலே சொன்னதை அப்போது மறந்துவிடுங்கள். கிடைத்த சுத்தமான தண்ணீரை ஊற்றத் தொடங்குங்கள், ஊற்றும்போதே லென்ஸைக் கழற்றுங்கள், மேல் இமையைத் திருப்பி ஒட்டியிருக்கும் துகளை ஈரத்துணியால் எடுங்கள், அரை மணி நேரம் விடாமல் கழுவிய பிறகு வண்டியைக் கிளப்புங்கள்.

தொண்டை என் துறை கிடையாது. ராத்திரி முழுக்கக் கத்தி நடிக்கிறவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலித்தாலும் நடிகர் வாய் திறப்பதில்லை. லென்ஸ் உறுத்துகிறது என்று சொன்னால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அன்றைய பேட்டாவை நம்பி வந்த துணை நடிகருக்கு அந்தப் பயம் நியாயமானது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். பேயாக நடித்தவர்கள் தங்கள் உரிமைக்காகச் சங்கம் சேர்ந்த வரலாறும் உண்டு. 1931இல் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபுக்கு மேக்கப் போட மட்டும் தினமும் நான்கு மணி நேரம் ஆனது. 1933இல் ஹாலிவுட்டில் திரை நடிகர் சங்கம் தொடங்கியபோது முதல் உறுப்பினர்களில் அவரும் ஒருவர். ஒப்புக்கொள்ளும்போதே ப்ரொடக்ஷன் மேனேஜரிடம் நான்கு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: கண் அளந்து வாங்கிய புது லென்ஸ், இரண்டு மணி நேர வரம்பு, மாட்டிவிட ஒரு தனி ஆள், கண்ணுக்கு ஏதாவது ஆனால் வைத்தியச் செலவு யூனிட்டுடையது. கருவிழியில் தழும்பு விழுந்தால் வாழ்நாளுக்கும் குளோசப் வாய்ப்பு போகும். பார்வை போவதைவிட அது பெரிதில்லை என்றாலும், தொழிலைச் சொன்னால்தான் சிலருக்குச் சுருக்கென்று படுகிறது.

லென்ஸ் கழற்றிய பிறகும் சிவப்பு, வலி, நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம் இருந்தால் அன்றைக்கே வாருங்கள். நாளைக்குக் கால்ஷீட் இருக்கிறது என்று தள்ளிப் போடக் கூடாது. மெடிக்கலில் கேட்டு சொட்டு மருந்து வாங்காதீர்கள். அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் முதல் இரண்டு நாள் சிவப்பு குறையும், சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள், அடியில் புண் ஆழமாகிக்கொண்டே போகும். நம் தமிழ்நாட்டில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை பெரிய காரணம். பூஞ்சை இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு விடுவது அதை வளர்த்து விடுவதுதான். நாங்கள் புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, பாக்டீரியாவா பூஞ்சையா அமீபாவா என்று தெரிந்த பிறகே மருந்தை முடிவு செய்கிறோம். பூஞ்சை என்றால் 5 சதவீத நாட்டமைசின் சொட்டு, தொடக்கத்தில் மணிக்கொரு தரம்.

வரும்போது கழற்றிய லென்ஸ், டப்பா, மிச்சமிருக்கும் சொல்யூஷன் பாட்டில் எல்லாவற்றையும் அப்படியே கொண்டு வாருங்கள். கழுவ வேண்டாம், தூக்கிப் போட வேண்டாம். புண்ணில் கிடைக்காத கிருமி பல நேரம் அந்த டப்பாவில் கிடைத்துவிடும். கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டும் வராதீர்கள், கண் பாப்பா விரிய மருந்து விட்டால் திரும்பிப் போக நாலைந்து மணி நேரத்துக்குக் கண் சரியாகத் தெரியாது.