அவசர நேரத்தில் உங்கள் தகவலை யார் யாருக்குத் தரலாம்?

"பிடிபிஏ இருக்கு, தர முடியாது." எதைக் கேட்டாலும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை (பிடிபிஏ) காட்டி இப்படிச் சொல்லிவிடுவது நம் சிங்கப்பூரில் நன்றாகவே பழகிவிட்டது. உயிர் போகிற நேரத்துக்கு இந்தப் பதில் பொருந்தாது.

வெளிநாட்டு ஊழியர் தங்கும்விடுதி ஒன்றில் ஒருவர் படியில் விழுந்து மயங்கிக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 995ஐ அழைத்தாயிற்று. வந்திறங்கிய துணை மருத்துவர், "பேர் என்ன, சர்க்கரை இருக்கா, ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?" என்று கேட்கிறார். விவரமெல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் தரவேண்டியவர் நினைவில்லாமல் கிடக்கிறார்.

தாராளமாகச் சொல்லலாம். ஒருவருடைய உயிர், உடல்நலம் அல்லது பாதுகாப்புக்கு ஆபத்து வந்து, அதைச் சமாளிக்கத் தேவைப்பட்டால், சம்மதம் இல்லாமலே தகவலைத் தர 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. ஆபத்து தகவலுக்கு உரியவருக்கே வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, இன்னொருவருக்கு வந்தாலும் சரி. காயமடைந்தவர், நோயுற்றவர் அல்லது இறந்தவரின் குடும்பத்தாரையோ நண்பரையோ தொடர்புகொள்ளவும் இதே விலக்கு உண்டு. தஞ்சாவூரில் இருக்கும் மனைவியின் நம்பரை முதலாளி மருத்துவமனைக்குத் தருவதும் இதில் அடங்கும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தக் கவலையே வேண்டாம். சொந்த முறையில் நடந்துகொள்ளும் தனிமனிதரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை.

அதற்காக விடுதி நிர்வாகம் விழுந்தவருடைய வேலை அனுமதி அட்டையைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடக் கூடாது. அவசரத்தைச் சமாளிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குத்தான் விலக்கு.

அரசாங்க அமைப்புகளின் கதை வேறு. பிடிபிஏ அவற்றுக்குப் பொருந்தாது. அவை தங்களுக்குள் தகவல் பகிர்வதை 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டம் நெறிப்படுத்துகிறது. அனுமதியில்லாமல் தகவலை வெளியிடும் அதிகாரிக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தொற்றுநோய்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. டெங்கி, காசநோய் போன்றவற்றைக் கண்டறியும் மருத்துவர் அதை அரசாங்கத்திடம் தெரிவித்தே ஆகவேண்டும், நோயாளியைக் கேட்க வேண்டியதில்லை. டெங்கிக் குழுமம் (ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்துப் பலருக்கு டெங்கி) உருவானால் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீடுவீடாக வந்து பூச்சாடித் தட்டுவரை பார்ப்பார்கள். ஆனால் புளோக்கின் கீழே கட்டும் பதாகையில் யார் வீட்டில் காய்ச்சல் என்று எழுதுவதில்லை.

ஒரு காரியத்துக்காகத் திரட்டிய தகவலை வேறு காரியத்துக்கு எடுக்கலாமா? இதுதான் உண்மையிலேயே சிக்கலான கேள்வி. 2020 மார்ச்சில் அறிமுகமான டிரேஸ்டுகெதர் செயலி, கொவிட் தொற்றியவரின் அருகில் இருந்தவர்களைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்று முதலில் சொல்லப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறையும் அந்தத் தகவலைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. பலருக்கும் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் புதிய விதிகளை நிறைவேற்றியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் உள்ளிட்ட ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டுமே காவல்துறை அதைக் கேட்கலாம் என்றும், மீறுவோருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ என்றும் வரம்பு வந்தது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். 2023 பிப்ரவரியில் செயலியின் பயன்பாடு முடிவுக்கு வந்தது. 2020 மே மாதக் கொலை வழக்கு ஒன்றுக்கான தகவலைத் தவிர மற்றவை அழிக்கப்பட்டன.

அப்புறம், பலர் கேள்விப்படாத இன்னொரு விதியும் இருக்கிறது. பயங்கரவாதத் தாக்குதல் போன்ற பெரிய சம்பவத்தில், உள்துறை அமைச்சரின் அனுமதியோடு காவல்துறை ஆணையர் தகவல்தொடர்பை நிறுத்தும் உத்தரவு பிறப்பிக்கலாம். 2018ஆம் ஆண்டின் பொது ஒழுங்கு, பாதுகாப்பு (சிறப்பு அதிகாரங்கள்) சட்டம் தரும் அதிகாரம் இது. உத்தரவு நடப்பில் இருக்கும்போது, அந்த இடத்தில் நடக்கும் பாதுகாப்பு நடவடிக்கைகளைப் படம் எடுக்கவோ, காணொளியாகவோ குறுஞ்செய்தியாகவோ அனுப்பவோ கூடாது. இதற்குக் காரணம் உண்டு: 2008இல் மும்பைத் தாக்குதலை வெளியிலிருந்து இயக்கியவர்கள் தொலைக்காட்சி நேரலையைப் பார்த்தே உள்ளே இருந்தவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். உத்தரவை மீறினால் ஈராண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். உதவிக்குக் காவல்துறையை அழைக்க வேண்டுமானால் 999, வாய் திறந்து பேசுவதே ஆபத்து என்ற நிலையில் 70999க்குக் குறுஞ்செய்தி.