கோதுமை இல்லாமல் நிற்கும் நட்சத்திரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டிசம்பர் மாதத் தொடக்கத்தில், என் அண்ணன் மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் இனி வாழ்நாள் முழுக்கக் கூடாது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் அந்த மாதம்தான் மைதா மூட்டையாக வந்து இறங்கும். மருத்துவமனையிலிருந்து திரும்பியவள் நேராக அடுக்களைக்கு வந்து, "அத்தை, அப்போ இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு நட்சத்திர பிஸ்கட் கிடையாதா?" என்று கேட்டாள். ஒன்பது வயது அவளுக்கு.

மைதாவுக்குப் பதிலாக அதே அளவு அரிசி மாவைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துச் செய்தேன். ஓவனுக்குள் வைத்த பன்னிரண்டு நட்சத்திரங்களும் எட்டாவது நிமிடத்தில் உருகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகிவிட்டன. சூட்டோடு எடுக்கப் பார்த்தேன், மணலாக உதிர்ந்தது. வாயில் போட்டால் பல்லில் நறநறவென்றது. மேலே நிறமும் ஏறவில்லை. அந்த ஒரு தட்டில் பரவல், உதிர்வு, கரகரப்பு, வெளிறல் என்று நான்கு குறைகள் இருந்தன. நான்குக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தேடிப்போனதில்தான் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் என்ன வேலை செய்கிறது, ஒரு குக்கிக்கு அது எவ்வளவு தேவை என்பது எனக்குப் பிடிபட்டது.

குளூட்டனைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து மெல்லப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும். அது ஸ்டார்ச். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால், கடைசியில் சாம்பல் கலந்த மஞ்சளில், இழுத்தால் ரப்பர் போல நீண்டு திரும்பச் சுருங்கும் ஒரு உருண்டை கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் யாக்கொப்போ பெக்காரி என்ற அறிஞர் 1728இல் இதைத்தான் செய்து காட்டினார். மாவுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன என்று அவர் சொன்னது, புரதங்களைப் பற்றிய அறிவின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று.

அந்த உருண்டைக்குள் முக்கியமாக இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. குளூட்டெனின் நீளமான சங்கிலி, மாவுக்குத் துள்ளலைக் கொடுப்பது அதுதான். கிளையடின் சிறியது, வழுக்கி நீளவிடும். தண்ணீர் பட்டுக் கை படப் பட இரண்டும் பின்னிக்கொண்டு வலையாகின்றன. பரோட்டா மாஸ்டர் ஒரு உருண்டையை வீசி வீசி மேசை அகலத்துக்குக் கண்ணாடி போல விரிப்பது இந்த வலையின் தயவில்தான். அரிசி மாவை அப்படி ஒரு சுற்றுக்கூட வீச முடியாது. அரிசியிலும் சுமார் 7 சதவீதம் புரதம் இருக்கிறது, ஆனால் அது இப்படி வலை பின்னும் வகை இல்லை.

சீலியாக் நோயில் இந்தக் கிளையடின்தான் முக்கிய வில்லன். நம் செரிமான நீர்களால் அதை முழுதாக உடைக்க முடிவதில்லை. உடையாமல் மிஞ்சும் துண்டுகளை உடலின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக நினைத்துப் பாய்கிறது. அந்தச் சண்டையில் அடிபடுவது சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய குடலுறிஞ்சிகள். அவை தேய்ந்துபோனால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. பார்லியிலும் ரை தானியத்திலும் இதன் உறவுக்காரப் புரதங்கள் இருப்பதால் அவற்றுக்கும் தடை. இதைக் கண்டுபிடித்தவர் வில்லெம் கரெல் டிக்கெ என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமைதான் காரணம் என்ற சந்தேகம் அவருக்கு 1930களிலேயே இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காத அந்த மாதங்களில், ஊரே பசியில் வாட, சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அதைத் தன் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். அந்தக் குழந்தைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

சரி, குக்கிக்கு வருவோம். ரொட்டிக்குள் எழும் காற்றைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு முழுக்கக் குளூட்டனுடையது. குக்கி அப்படி இல்லை. ரொட்டிக்கு 100 கிராம் மாவில் 60 கிராமுக்கு மேல் தண்ணீர் போகும். குக்கி மாவில் தண்ணீர் கொஞ்சம்தான், அதிலும் பெரும்பகுதியைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். வெண்ணெய் மாவுத் துகளைச் சுற்றிப் பூசிக்கொண்டு தண்ணீரை நெருங்கவிடாது. ஆக, மைதா குக்கியிலும் குளூட்டன் அரைகுறையாகத்தான் உருவாகிறது. 'ரொம்பப் பிசையாதே, கட்டியாகிவிடும்' என்று பெரியவர்கள் சொல்வது அதை வளரவிடாமல் தடுக்கத்தான். நாம் வேண்டாம் என்று தள்ளி வைக்கும் பொருள் ஒன்று இல்லாமல் போவதில் பெரிய நட்டமில்லை. அது ஓரமாக நின்று செய்துகொண்டிருந்த சின்னச் சின்ன வேலைகளுக்கு மட்டும் வேறு ஆள் பார்த்தால் போதும்.

முதல் வேலை, ஒட்டிப் பிடிப்பது. இதற்கான பதில் கொழுக்கட்டையில் இருக்கிறது. கொழுக்கட்டை மாவுக்கும் இடியாப்ப மாவுக்கும் ஏன் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுகிறோம்? பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அரிசி மாவு பிளந்துபோகும். சுமார் 70 டிகிரி சூட்டைத் தாண்டினால் ஸ்டார்ச் மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கிக் கூழாகின்றன, அந்தக் கூழ் மற்ற துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. குளூட்டன் இல்லாத மாவுக்கு நம் வீட்டுப் பெண்கள் கண்ட ஒட்டு இது. ஆனால் குக்கி மாவில் அப்படிக் கொதிநீரை ஊற்ற முடியாது. வெண்ணெய் உருகிவிடும், தண்ணீரும் கூடிவிடும். அதனால் பச்சைத் தண்ணீரிலேயே கூழாகும் ஒரு பொருள் வேண்டும். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் சாந்தன் கம் என்று வரும். முட்டைக்கோஸ் செடியில் கருப்பழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை வளர்த்து அது சுரக்கும் பிசினைக் காயவைத்து எடுப்பது அது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் ஆலின் ஜீன்ஸ் என்ற பெண் வேதியியலாளரின் குழு கண்டுபிடித்தது. நான் பயன்படுத்துவது இசப்கோல். மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்குவோமே, அதே உமி. ஒரு சிட்டிகையை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் சப்ஜா விதை போலக் குழகுழவென்று ஆகிவிடும். அதோடு ஒரு முட்டை மஞ்சள்கரு. மஞ்சள்கருப் புரதம் 65 முதல் 70 டிகிரிக்குள் இறுகிவிடும். பிசைந்த மாவு வேகும்வரை இசப்கோல் பிடித்துக்கொள்ள, சூட்டில் மஞ்சள்கரு அந்த வேலையை வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, பரவல். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அப்போது மாவு வெறும் குழம்பு. மைதாவில் சூடு ஏற ஏறக் குளூட்டன் துணுக்குகள் இணைந்து அந்த ஓட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தும். அரிசி மாவில் நிறுத்த ஆள் இல்லை. அதனால் பிசைந்த மாவைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நட்சத்திரமாக வெட்டிய பிறகு தட்டோடு இன்னும் கால் மணி நேரம் வைக்கிறேன். குளிர்ந்த வெண்ணெய் உருக நேரம் எடுக்கும், அதற்குள் ஓரங்கள் இறுகத் தொடங்கிவிடும்.

நறநறப்புதான் எனக்கு அதிக நாள் பாடம் எடுத்தது. கடை அரிசி மாவு பெரும்பாலும் காய்ந்த அரிசியை அப்படியே அரைத்தது. அரிசி மணி கடினமானது. காய்ந்தபடி அரைபடும்போது கூர்மையான துகள்களாக உடைகிறது, ஸ்டார்ச் மணிகளும் நசுங்குகின்றன. ஊறவைத்து அரைத்தால் அரிசிக்குள் மணிகளுக்கு இடையிலான பிடி தளர்ந்துவிடுவதால் அவை அதிகம் நசுங்காமல் பிரிந்து வரும். துகளும் நைசாக இருக்கும். அதிரசத்துக்கும் அச்சு முறுக்குக்கும் ஈர மாவுதான் என்று அம்மா பிடிவாதமாக நின்றதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, கையில் அள்ளினால் ஈரம் ஒட்டாமல் ஆனால் குளுமை தெரியும் பதத்தில் மிக்ஸியில் அரைக்கிறேன். நைஸ் சல்லடையில் இரண்டு முறை சலிப்பேன். குக்கிக்கு அதில் ஈரம் கூடாது என்பதால், கோலம் போட வரும் பதத்துக்கு மெல்லிய தீயில் வறுத்து ஆறவிடுவேன். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தால் முகப் பவுடர் போல இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கும் அந்த ஒரு மணி நேரம் இதற்கும் உதவும். மிச்சமிருக்கும் கரகரப்புத் துகள்களும் அதற்குள் கொஞ்சம் ஈரத்தை இழுத்து மெத்தென்று ஆகிவிடும்.

நிறம் ஏறாததற்குக் காரணம் புரதக் குறைவு. பிஸ்கட் மேல் வரும் பொன்னிறமும் மணமும், புரதத்தின் அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நிகழ்த்தும் வினை. லூயி கமீல் மய்யார் 1912இல் விவரித்ததால் மய்யார் வினை என்று பெயர். அரிசி மாவோடு முந்திரிப் பொடியும் ஒரு ஸ்பூன் பால் பவுடரும் சேர்த்தால் நிறம் தானாக வரும். சர்க்கரையில் கொஞ்சத்தைக் குறைத்துக் கருப்பட்டித் தூள் போட்டால் இன்னும் நல்லது, அந்த வாசனைக்காகவே நான் போடுவேன்.

இப்போது என் அளவு: அரிசி மாவு 120 கிராம், முந்திரிப் பொடி 60, கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டால் தரும் மக்காச்சோள ஸ்டார்ச் 40, வெண்ணெய் 110, பொடித்த சர்க்கரையும் கருப்பட்டியுமாக 90, ஒரு மஞ்சள்கரு, ஒரு ஸ்பூன் இசப்கோல், ஒரு ஸ்பூன் பால் பவுடர், இரண்டு ஸ்பூன் பால், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். 165 டிகிரியில் பதினைந்து நிமிடம். ஓவனிலிருந்து எடுத்ததும் தொடவே கூடாது. கடலை மிட்டாய்ப் பாகு சூட்டில் குழைந்து, ஆறியதும் டக்கென்று உடையும் அல்லவா? குக்கிக்குள் இருக்கும் சர்க்கரையும் அப்படித்தான், ஆறும்போதுதான் கண்ணாடி போல இறுகிக் குக்கியைத் தாங்குகிறது. முதல் முறை மணலாக உதிர்ந்ததற்கு என் அவசரமும் பாதிக் காரணம். பட்டர் பேப்பரோடு பதினைந்து நிமிடம் விட்டால் முழு நட்சத்திரமாகக் கையில் வரும்.

செய்முறையை விட அதிகமாக நான் கவலைப்படுவது கலப்பைப் பற்றி. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொட்டலத்தில் எழுத வேண்டுமென்றால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டிலும் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் மைதாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அந்த ஒரு கிராம், நான்கு கிலோ அரிசி மாவை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். மாவு மில்லில் நமக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் முடிந்தது கதை. அதனால்தான் வீட்டு மிக்ஸி, அதற்கென்று ஒரு ஜார். சல்லடையும் தனி, மரப் பூரிக்கட்டையும் தனி, ஏனென்றால் கண்ணியிலும் மரத்தின் இடுக்கிலும் பழைய மாவு தங்கியிருக்கும். ஓவன் சூட்டில் அது அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழியாது. மைதா கலந்த பலகாரம் பொரித்த எண்ணெயில் அவளுக்கு அச்சு முறுக்கு பொரிக்கவும் கூடாது. நம் ஊரில் யாரும் எதிர்பார்க்காத இடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் மைதா சேர்ந்திருக்கும், பொட்டலத்தைத் திருப்பி வாசித்துவிட்டுத்தான் முறுக்கு மாவில் போட வேண்டும். மால்ட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பார்லி.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்பவர்களுக்குத் தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறது. முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, அவ்வளவுதான். வெள்ளைக்கருவை அடிக்கும்போது அதன் புரதம் விரிந்து காற்றுக் குமிழைச் சுற்றி உறையிடுகிறது, மெல்லிய சூட்டில் அந்த உறை காய்ந்து நிற்கிறது. ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் சிம்ட்ஷ்டெர்ன் என்ற பட்டை நட்சத்திரங்களும் பாரம்பரியமாக இதே வழிதான்: பாதாம், வெள்ளைக்கரு, சர்க்கரை, பட்டை. யாரும் குளூட்டனை நீக்கவில்லை, அது முதலிலிருந்தே அங்கே இல்லை.

போன டிசம்பரில் இரண்டு தட்டு நட்சத்திரம் செய்து, அவள் பெயர் எழுதிய டப்பாவில் அடைத்தேன். வெளியே வடகிழக்கு மழை. அந்த ஈரக் காற்றில் சர்க்கரை தண்ணீரை இழுத்து, மூன்றாம் நாளே நமுக்கத் தொடங்கியது. 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டேன், பழைய மொறுமொறுப்பு திரும்பியது. அவள் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் போய்க் கடித்துப் பார்த்துவிட்டு, "அத்தை, தம்பிக்கும் ஒண்ணு குடுக்கட்டா?" என்று கேட்டாள்.