நூறு பிக்சலுக்குள் ஒரு நிலா

2020 ஜூலை 1ஆம் தேதி மங்கள்யான் எடுத்த ஃபோபோஸ் படத்தை ஃபோனில் பார்த்ததும் எங்கள் தெருப் பையன்கள் கேட்ட முதல் கேள்வி: "ஏன்ணா இவ்வளவு மங்கலா இருக்கு?" நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் சொல்லப் போனால், ஒரு விண்கலம் குட்டி நிலாவைக் கடந்து போகும்போது எடுக்கும் படத்திலிருந்து எதையெல்லாம் எடுக்க முடியும், எதை முடியாது என்பது வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கு இரண்டு நிலாக்கள், அதில் பெரியது ஃபோபோஸ். பெரியது என்றாலும் நீளம் 27 கிலோமீட்டர், அகலம் 22, உயரம் 18, அவ்வளவுதான். இந்த அளவுக்குச் சின்னப் பொருளுக்குத் தன்னைத்தானே இழுத்து உருண்டையாக்கிக்கொள்ளும் ஈர்ப்பு கிடையாது, அதனால்தான் கோணல்மாணலாகவே நின்றுவிட்டது. படம் எடுத்தபோது மங்கள்யான் அதிலிருந்து 4,200 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்தத் தூரத்தில் அதன் கேமராவில் ஒரு பிக்சல் என்பது 210 மீட்டர் நிலம். 22 கிலோமீட்டரை 210 மீட்டரால் வகுத்துப் பாருங்கள், நூற்றுச் சொச்சம் வரும். அதாவது மொத்த நிலாவும் குறுக்கே நூறு பிக்சல் சொச்சத்துக்குள் அடங்கிவிட்டது, மங்கலாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? அப்படியும் ஸ்டிக்னி என்ற பெரிய பள்ளம் தெளிவாகத் தெரிகிறது, காரணம் அதன் அகலமே 9 கிலோமீட்டர், நாற்பது பிக்சலுக்கு மேல் வந்துவிடும். (ஃபோபோஸை 1877இல் கண்டுபிடித்தவர் அசாப் ஹால், தேடலை விட்டுவிட நினைத்தவரை விடாதே என்று தூண்டிய மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னியின் பெயர்தான் அந்தப் பள்ளத்துக்கு. இந்தப் பெயர் வைத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

மங்கள்யான் எங்களுக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை என்று தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் இந்த எல்லைப் பக்கத்தில், ராக்கெட் விடும் நாளென்றால் வேலையைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். 2013 நவம்பர் 5ஆம் தேதி மதியம் 2.38க்கு பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி25தான் அதைச் சுமந்து போனது. அப்படிப் போன கலம் பிடித்த சுற்றுப்பாதையோ ரொம்ப நீள்வட்டம், கிட்டத்தில் 421 கிலோமீட்டர், தூரத்தில் கிட்டத்தட்ட 77,000. ஃபோபோஸ் செவ்வாய்த் தரையிலிருந்து 6,000 கிலோமீட்டர் உயரத்தில் 7 மணி 39 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பக்கத்தில் வர வேண்டும், கேமரா அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், வெயிலும் சரியாக இருக்க வேண்டும். இதில் "இப்ப எடு" என்று பூமியிலிருந்து சொல்லவும் வழியில்லை, சிக்னல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு, கட்டளைகளை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் ஒரே வழி.

சரி, இன்னும் கிட்டே போனால் படம் இன்னும் நன்றாக வருமா? ஒரு எல்லை வரைக்கும் வரும், அதற்கப்புறம் கெட்டுவிடும். கலம் நிலாவை நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஒரு பங்கு நொடி கேமரா திறந்திருந்தால் அதற்குள் காட்சி 20 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு பிக்சல் 210 மீட்டராக இருக்கும்போது அது பொருட்டே இல்லை. ஒரு பிக்சல் 1 மீட்டர் என்னும் அளவுக்கு நெருங்கிப் போனால் படம் இருபது பிக்சல் நீளத்துக்கு இழுபட்டுப் போகும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் 2013 டிசம்பர் 29 அன்று ஃபோபோஸை வெறும் 45 கிலோமீட்டரில் உரசிக்கொண்டு போனது, ஆனால் அந்த முறை படமே எடுக்கவில்லை. நிலாவின் ஈர்ப்பு கலத்தை எவ்வளவு இழுக்கிறது என்பதை, அதன் ரேடியோ அலை அதிர்வெண்ணில் வரும் நுணுக்கமான மாற்றத்தை வைத்து அளந்தார்கள். இழுப்பு தெரிந்தால் நிறை தெரியும். பல கோணங்களில் எடுத்த பழைய படங்களைக் கோத்து வடிவம் கட்டினால் கன அளவு தெரியும், சுமார் 5,700 கன கிலோமீட்டர். இரண்டையும் வகுத்தால் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.87 கிராம் என்று வருகிறது. சாதாரணப் பாறை என்றால் 2.7 அல்லது 3 இருக்க வேண்டும். ஆக உள்ளே கணிசமான பங்கு வெற்றிடமாகவோ, லேசான பொருளாகவோ இருக்க வேண்டும். படத்தில் கெட்டிப் பாறையாகத் தெரிவதன் உள்ளே பொக்கு இருக்கிறது என்பது படமும் ரேடியோவும் சேர்ந்துதான் தெரிந்தது, இரண்டில் எது ஒன்று தனியாக இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது.

இனி வெளிச்சம். பழவேற்காட்டுக் கடற்கரை மணலில் உச்சி வெயிலில் நடந்து பாருங்கள், காலடித் தடம் எதுவும் கண்ணில் படாது. அதே மணலில் சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் நண்டு ஊர்ந்த கோடு வரைக்கும் தெரியும். குட்டி நிலாவும் இப்படித்தான். சூரியன் கேமராவுக்கு நேர் பின்னால் இருந்தால் பள்ளங்கள் எல்லாம் தட்டையாகிப் போகும், எந்த இடம் கறுப்பு, எந்த இடம் வெளுப்பு என்பது மட்டும் தெரியும். பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டி வெயில் சாய்வாக விழும் இடத்தில்தான் பள்ளத்தின் ஆழம் அளவெடுக்கக் கிடைக்கிறது. உதாரணத்துக்கு ஒரு பள்ளத்தின் விளிம்பு விழுத்தும் நிழல் பத்து பிக்சல் நீளம், அதாவது 2,100 மீட்டர். அந்த இடத்தில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 20 டிகிரியில் இருக்கிறது. 20 டிகிரியின் டேன்ஜென்ட் 0.364. பெருக்கினால் சுமார் 764 மீட்டர் ஆழம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கம்பத்தின் நிழலை வைத்து உயரம் கண்டுபிடிக்கும் அதே கணக்கு. நிழலின் நுனி பள்ளத்தின் சரிவில் விழாமல் அடித்தரையில் விழுந்திருக்க வேண்டும், பார்க்கும் கோணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும், அது மட்டும் கவனம்.

பள்ளங்களை எண்ணுவதும் பெரிய வேலைதான். காலம் போகப் போகக் கற்கள் மோதிப் பள்ளங்கள் கூடிக்கொண்டே போகும், அதனால் எந்தத் தரையில் பள்ளம் மேல் பள்ளமாக நெருக்கமாக இருக்கிறதோ அது பழைய தரை. ஸ்டிக்னிக்குள்ளேயே லிம்டாக் என்ற சின்னப் பள்ளம் உட்கார்ந்திருக்கிறது, எனவே அது ஸ்டிக்னிக்குப் பிந்தியது, இதற்குக் கணக்குகூட வேண்டாம். ஃபோபோஸ் முழுக்க ஓடும் நீளக் கோடுகளுக்கு மட்டும் இன்னும் ஒரே முடிவு வரவில்லை. செவ்வாயின் இழுப்பில் விரிகிற விரிசல் என்கிறார்கள் சிலர், ஸ்டிக்னியிலிருந்து சிதறி உருண்ட கற்களின் தடம் என்கிறார்கள் வேறு சிலர்.

படத்தால் தீராத இன்னொன்று, ஃபோபோஸ் எங்கிருந்து வந்தது என்பது. நிறத்தைப் பார்த்தால் சிறுகோள் கூட்டத்திலிருந்து வழிதவறி வந்து செவ்வாயிடம் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது, சுற்றுப்பாதை வட்டமாக நடுக்கோட்டுக்கு மேலேயே இருப்பதைப் பார்த்தால் செவ்வாயில் ஏதோ பெரிதாக மோதித் தெறித்த துண்டுகள் சேர்ந்து உண்டானது போல இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. ஜப்பானின் எம்.எம்.எக்ஸ். கலம் அங்கே இறங்கி 10 கிராமுக்குக் குறையாமல் மண் அள்ளி 2031இல் பூமிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். அந்த மண்ணில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடை மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளின்) விகிதத்தை, விண்கற்களாகப் பூமியில் விழுந்து நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் செவ்வாய்க் கற்களின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வழக்கு முடிந்துவிடும்.